மறதி யார் குற்றம்?

அண்மையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின்னர், செம்பரம்பாக்கத்தில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தாரின் இல்லத்திற்கு நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். அவ்வில்லத்து மூதாட்டியார் எண்பதைக் கடந்தவர். சில ஆண்டுகளாக அவருடைய நினைவு தேய்ந்து வருகிறது. நாம் அமர்ந்திருந்த அரைமணி நேரத்திற்குள், 'அஸர் தொழுதேனா?' என்று ஏழெட்டு முறை கேட்டுவிட்டார். மகன் இருமுறை விடை சொன்னார்; மூன்றாம் முறை முகத்தைத் திருப்பிக் கொண்டார். மருமகள் அடுக்களையிலிருந்து சொன்ன விடை, காது மந்தமான அம்மூதாட்டியாரை எட்டவில்லை.

அப்போது அங்கு வந்திருந்த உறவினர் ஒருவர், கற்றவர், நாளேடுகளைத் தவறாமல் படிப்பவர், நம் பக்கம் சாய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார்: 'இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் ஒழுங்காகக் கவனித்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? மறதி நோயில் பாதி நாமே தேடிக் கொள்வதாம், ஆராய்ச்சியில் சொல்கிறார்கள். இவர் தேடிக் கொண்டார். இப்போது பிள்ளைகள் படுகிறார்கள்.'

நாமும் தலையை அசைத்து வைத்தோம். இல்லம் திரும்பிய பின்னரே அந்தத் தலையசைப்பு நம்மை உறுத்தலாயிற்று. அந்த உறவினர் சொன்னதில் அறிவியல் உண்மை ஒரு பகுதி இருக்கிறது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த உண்மையைக் கொண்டு அவர் வழங்கிய தீர்ப்பு நீதியானதுதானா? நினைவிழந்த ஒருவரை நோக்கி, 'இது நீ தேடிக் கொண்டது' என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா? இக்கேள்வியை வாசகப் பெருமக்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். ஏனெனில் இன்று நம் வீடுகளில் முதியோர் தொகை பெருகி வருகிறது. நாளை நாமே அந்தக் கட்டிலில் அமர்ந்து, அதே கேள்வியைக் கேட்க நேரலாம்.

மார்க்கம் மறதிக்கு அளித்த இடம்

மனிதனை அரபு மொழி 'இன்ஸான்' என்கிறது. அச்சொல்லை, மறதி என்று பொருள்படும் 'நிஸ்யான்' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்திய பழைய மொழியறிஞர்களும் உண்டு. சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும், ஆதி பிதா ஆதம் (அலை) அவர்கள் மறந்தார்கள் என்பதைத் திருமறையே நமக்குச் சொல்கிறது. மறதி மனிதனோடு உடன் பிறந்தது.

மார்க்கம் அதனை எவ்வளவு பரிவுடன் நோக்குகிறது என்பதை நாம் அன்றாட வாழ்விலேயே காண்கிறோம். நோன்பாளி ஒருவர் மறந்து உண்டுவிட்டால் அவருடைய நோன்பு முறிவதில்லை; அது அல்லாஹ் அளித்த உணவும் நீரும் என்று நபிமொழி ஆறுதல் கூறுகிறது. தொழுகையில் ரக்அத் மறந்து போனால் அதனை ஈடு செய்ய 'ஸஜ்தா ஸஹ்வு' என்னும் சிரவணக்கம் உண்டு. அதாவது, இறைவனின் திருமுன்னிலையில் நிற்கும் வேளையிலும் மனிதன் மறப்பான் என்பதை ஏற்றுக் கொண்டு, அதற்கு ஓர் ஒழுங்கையும் வகுத்துத் தந்திருக்கிறது நம் மார்க்கம். தூங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமெய்தும் வரை, புத்தி பேதலித்தவர் தெளிவு பெறும் வரை, அவர்களைப் பற்றி எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் நபிமொழியின் அடிப்படையில், அறிவு நீங்கியவர் மீது கடமைகள் இல்லை என்று நம் சட்ட மேதைகள் வகுத்தனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவு கூர்வது பொருந்தும். நான்கு ரக்அத் தொழுகை ஒன்றில் அண்ணலார் இரண்டு ரக்அத்துகளிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஜமாஅத்தில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் இருந்தனர். மரியாதை அவர்கள் நாவைக் கட்டிப் போட்டது. துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர் ஒருவரே எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டு விட்டதா, அல்லது தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். அண்ணலார் மற்றவர்களை வினவினார்கள். அவர்களும் ஆம் என்றனர். எஞ்சியதை நிறைவேற்றி, மறதிக்கான ஸஜ்தாவையும் செய்தார்கள். அங்கே எவரும் எவரையும் பழிக்கவில்லை. ஒருவர் மறந்ததை ஜமாஅத் நினைவில் வைத்திருந்தது, அவ்வளவே. இந்நிகழ்ச்சிக்கு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவோம்.

எனினும் மார்க்கம் மறதியை மன்னித்தது என்பதனால், நினைவைப் பாதுகாக்கும் பொறுப்பை நம்மிடமிருந்து நீக்கிவிட்டது என்று கொள்ளலாகாது. அறிந்த பின்னர் ஒன்றுமே அறியாதவராக ஆகிவிடும் தளர்ந்த முதுமையைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயமும் அல்ஹஜ் அத்தியாயமும் பேசுகின்றன. அத்தகைய முதுமையிலிருந்து அண்ணலார் இறைவனிடம் காவல் தேடினார்கள். மருத்துவம் செய்து கொள்ளுமாறு பணித்த அவர்கள், மருந்தில்லாத ஒன்று முதுமையே என்பதையும் உடன் கூறினார்கள். ஆக, முதுமை நீங்காது. ஆயினும் மருத்துவம் தேடுவது நம் கடமை. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நம் கேள்வி நிற்கிறது.

ஏரியும் கால்வாயும்

இனி அறிவியல் கூறுவதைப் பார்ப்போம். செம்பரம்பாக்கத்தில் வாழும் நமக்கு அதனை விளக்க, கண்ணெதிரே விரிந்து கிடக்கும் ஏரியைவிடச் சிறந்த உவமை வேறில்லை. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய இந்த ஏரி, தொலைவிலுள்ள சென்னை மாநகருக்குக் குடிநீர் ஊட்டுகிறது. நகரத்துக் குழாயைத் திறப்பவர் ஏரியை நினைப்பதில்லை. அதுபோலவே, ஒரு பெயரை நினைவு கூரும்போது நாம் இதயத்தை நினைப்பதில்லை.

மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது பெற்றுக் கொள்கிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஆயிரம் லிட்டருக்கும் மேல்! உயிருள்ள மனிதரின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவை முறையாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்க அறிஞர்களான கெட்டி, ஷ்மிட் என்போர். 1940-களில் அவர்கள் வகுத்த முறை மூளை ஆராய்ச்சியில் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1288-இல் மறைந்த இப்னுந் நஃபீஸ் என்னும் நம் முன்னோர், இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று எழுதி வைத்தார். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையின் அப்பகுதி நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1924-இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் ஒருவரால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. நம் சமுதாயமே தன் நினைவை இழந்து கிடந்ததற்கு இஃதும் ஓர் எடுத்துக்காட்டன்றோ!

இளமையில் பெருந்தமனி இரப்பர் போல் நெகிழ்வுடையது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் எழும் அலையை அது விரிந்து ஏற்றுக் கொண்டு, சீரான ஓட்டமாக மாற்றி அனுப்புகிறது. ஆண்டுகள் ஏற ஏற அதன் நெகிழ்ச்சி குறைந்து விறைப்பு ஏறுகிறது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகைப் பழக்கமும் அந்த விறைப்பை விரைவுபடுத்துகின்றன. அப்போது துடிப்பின் அலை தணியாமலே சென்று மூளையின் மயிரிழை போன்ற நுண்குழாய்களை மோதுகிறது. நாளடைவில் அவை தடித்துக் குறுகி அடைபடுகின்றன. மூளையின் உட்பகுதியில் சிறு சிறு தழும்புகள் தோன்றுகின்றன. புதிய செய்திகளைப் பதிய வைக்கும், கடற்குதிரை வடிவிலான 'ஹிப்போகேம்பஸ்' என்னும் பகுதி, இரத்தக் குறைவைத் தாங்கும் ஆற்றல் மிகவும் குறைந்தது. அதனால்தான் நேற்று நடந்தது மறந்து, அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது நினைவில் நிற்கிறது.

2015 டிசம்பரில் இந்த ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் பெருகியதையும், 2019 கோடையில் இதே ஏரி வறண்டு நகரம் குடிநீருக்குத் தவித்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மூளைக்கும் இரண்டுமே தீங்கு: மிகுந்த அழுத்தம் குழாய்களைச் சிதைக்கும், குறைந்த ஓட்டம் உயிரணுக்களைப் பட்டினி போடும். இதற்கும் மேலாக ஒரு செய்தி: 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, மூளையில் சேரும் கழிவுகள் தமனிகளின் ஓரமாகச் செல்லும் ஒருவகை நீரோட்டத்தால் கழுவப்படுவதை எலிகளில் காட்டியது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதமும் அக்கழிவுகளுள் ஒன்று. தமனி ஆரோக்கியமாகத் துடித்தால்தான் அந்தக் கால்வாய் ஓடும் என்பது அதன் கருத்து. எனவே, இரத்தக் குழாய்க் கோளாறால் வரும் மறதி வேறு, அல்சைமர் நோயால் வரும் மறதி வேறு என்று முன்னர்க் கருதப்பட்டது போல் அவற்றை முற்றிலும் பிரித்துவிட இயலாது. முதியோர் பலரிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் என்னும் ஊரில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு இதய நோய் ஆய்வொன்று தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அது தொடர்ந்தது. 2016-இல் அதிலிருந்து வெளிவந்த முடிவு உலகை வியக்க வைத்தது: 1970-களின் இறுதி தொட்டு, மறதி நோய் புதிதாகத் தோன்றும் அளவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வீதம் குறைந்து வந்திருக்கிறது! இதயத்தைக் காக்கச் செய்த முயற்சிகள் மூளையையும் காத்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினர். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருந்தது. அந்த நற்பேறு உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தவர்களுக்கே கிட்டியது. முடிக்காதவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. இந்த வரியை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம்.

2025-இல் சீன நாட்டின் 326 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுடைய ஏறத்தாழ 34,000 பேர் அதில் பங்கு கொண்டனர். பெரிய மருத்துவமனையும் பேராசிரியர்களும் இன்றி, கிராம மருத்துவப் பணியாளர்களே மருந்து தந்து, அளந்து, அறிவுரை கூறி வந்தனர். நான்கு ஆண்டுகளில் அக்கிராமங்களில் மறதி நோய் மற்றக் கிராமங்களைவிட 15 விழுக்காடு குறைந்தது. 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. அழுத்தத்தை மேலும் இறக்கியபோது தொடக்க நிலை நினைவுத் தளர்ச்சி குறைந்தது என்றும், முற்றிய மறதி நோயைப் பொறுத்தவரை முடிவு திட்டமாகவில்லை என்றும் கூறியது. ஆயினும் இவை சுட்டும் திசை ஒன்றே.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, திருத்தக் கூடிய காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. அவையனைத்தையும் நீக்க முடிந்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. நம் உறவினர் 'பாதி' என்று சொன்னது இந்தக் கணக்கைத்தான் போலும்.

நம் நாட்டு நிலையையும் காண்போம். 1998-இல் கொச்சியில் கூடிய மாநாட்டையொட்டி '10/66' என்னும் ஆய்வுக் குழு தோன்றியது. உலகின் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆராய்ச்சியில் பத்து விழுக்காடு கூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்னும் குறையே அப்பெயருக்குக் காரணம். அக்குழு நம் சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் ஆய்வு நடத்தியது. அங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. மேல்நாட்டுத் தேர்வுமுறைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்காக அமைந்தவை. எழுத்தறியாத ஒரு முதியவரிடம் கணக்கும் எழுத்தும் கேட்டுவிட்டு, விடை தெரியாததை மறதி என்று கொள்வது எப்படி நியாயமாகும்? ஆகவே கல்லாதவருக்கும் அநீதி இழைக்காத ஒரு தேர்வுமுறையை அவர்கள் உருவாக்கினர். குடும்பத்தாரின் வாய்மொழியையும் அதில் ஒரு சான்றாகச் சேர்த்தனர். தீர்ப்புச் சொல்லுமுன் அளவுகோலைச் சோதித்த அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும், கற்றவரைவிடக் கல்லாதவரிடமும் அது மிகுதி என்றும் கண்டது.

தீர்ப்பைச் சோதிப்போம்

இப்போது அந்த மூதாட்டியாரின் கட்டிலருகே திரும்புவோம். 45 விழுக்காடு என்னும் கணக்கு, பல கோடி மக்களை ஒருங்கே வைத்துப் பார்த்த கணக்கு. ஒரு மாவட்டத்தில் விளைச்சல் குறைந்ததற்குப் பாதிக் காரணம் நீர்ப் பற்றாக்குறை என்றால், இந்த ஓர் உழவரின் வயல் காய்ந்தது அதனால்தான் என்று சொல்லிவிட முடியுமா? அவர் வயலில் பூச்சி விழுந்திருக்கலாம், விதை கெட்டிருக்கலாம். அதுபோன்றே, ஒரு குறிப்பிட்ட மனிதரின் மறதிக்கு அவருடைய கவனக் குறைவே காரணம் என்று இந்தக் கணக்கைக் கொண்டு எந்த மருத்துவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. எஞ்சிய 55 விழுக்காட்டின் காரணம் இன்னும் மனிதர் கைக்கு எட்டவில்லை. வாழ்நாளெல்லாம் அளவோடு உண்டு, நாள்தோறும் நடந்து, புத்தகமும் ஓதுதலுமாய் வாழ்ந்தவர்களும் நினைவிழந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்து, அந்தப் பதினான்கு காரணங்களையும் ஒருமுறை உற்று நோக்குவோம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகை, மது, தலைக்காயம், மனச்சோர்வு. இவற்றுடன் இளமையில் கல்வியின்மை, கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை, காற்று மாசு. இவற்றுள் எத்தனை அந்த மூதாட்டியாரின் கையில் இருந்தன?

ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது, நிறுத்தியவர் அவரல்லர். பருவமெய்திய பெண்பிள்ளை பள்ளிக்குப் போவதாவது என்று சொன்னவர்கள் வீட்டாரும் ஊராரும். கல்வி தேடுவது கடமை என்னும் நபிமொழியை மேடைதோறும் முழங்கிய நாம், அதே காலத்தில் நம் பெண்மக்களின் புத்தகப் பைகளைப் பறித்து வைத்தோம். ஃபிரமிங்ஹாமில் பள்ளியை முடிக்காதவருக்குக் கிட்டாத அந்தப் பாதுகாப்பு, இவருக்குப் பன்னிரண்டு வயதிலேயே மறுக்கப்பட்டுவிட்டது. நடக்கவில்லை என்கிறோம், அவர் நடப்பதற்கு நாம் எந்தத் தெருவைத் திறந்து வைத்தோம்? காது மந்தமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. செவிக்கருவி ஒன்று வாங்கித் தர எவருக்கும் தோன்றவில்லை. வயதானால் காது கேட்காதுதான் என்று விட்டுவிட்டோம். காது கேளாமையால் பேச்சு குறைந்தது. பேச்சு குறைந்ததால் பின்கட்டு அறையே உலகமாயிற்று. பதினான்கில் நான்கு, அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் அவருக்குத் தந்தவை. 'தேடிக் கொண்டார்' என்ற சொல்லை இதன் பின்னரும் நாம் வாய் கூசாமல் சொல்லக் கூடுமா?

இவ்வாறாயின் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு, உறுதியாக உண்டு. அப்பொறுப்பு எழுதுகோல் உயர்த்தப்படாதவர் மீது, அதாவது இன்று அறிவோடு இருக்கும் நம் மீது, இருக்கிறது. அறிவியலின் இந்தச் செய்தி எண்பது வயதினர் மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை ஆகாது. நாற்பதிலும் ஐம்பதிலும் இருப்பவர்களுக்கு வந்த முன்னறிவிப்பு அது. நினைவு தேய்வது எழுபதில் வெளிப்பட்டாலும், குழாய்கள் விறைக்கத் தொடங்குவது நடுவயதிலே. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நம்புகிறவர்கள், அந்த அமானிதத்தின் அழுத்தம் எவ்வளவு என்று கூட அறியாமல் இருப்பது முறையாகுமா? ஒட்டகத்தைக் கட்டி வைத்த பின்னரே தவக்குல் வைக்குமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது.

நம் வீட்டு நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். திருமண விருந்துகளில் நெய்ச்சோறும் பிரியாணியும் மிகுவதைப் பெருமையாகக் கருதுகிறோம். உப்பும் ஊறுகாயும் கருவாடும் அன்றாடம் உடன் வருகின்றன. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டு வைக்கச் சொன்ன நபிவழியைப் பேசிக் கொண்டே இலையை வழித்து எழுகிறோம். கூப்பிடு தூரத்துப் பள்ளிவாசலுக்கும் வண்டியில் செல்கிறோம். பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்பதை அறியாதவரா நாம்? அமெரிக்காவில் 120 முதியோரைக் கொண்டு நடந்து, 2011-இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு முறையாக நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது, நடக்காதவர்களுடையது சுருங்கியிருந்தது. ஒரே ஆய்வைக் கொண்டு முடிவு கட்டலாகாது எனினும், நடையால் இழப்பதற்கு ஏதுமில்லை.

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்த்து மருந்து வழங்க வழி செய்தது. சீனக் கிராமங்களில் பயன் தந்த முறையும் ஏறக்குறைய இத்தகையதே. ஆனால் பணியாளர் வாசலில் நிற்கும்போது, 'எனக்கு ஒன்றுமில்லை, அடுத்த வீட்டைப் பாருங்கள்' என்று சொல்லி அனுப்புவோர் நம்மிடையே இல்லையா? இரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை. அதுவே அதன் சூழ்ச்சி. ஜமாஅத்துகள் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் மாதம் ஒருமுறை அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். நம் பெண்மக்கள் கூச்சமின்றி நடக்க ஓரிடம் வகுக்கலாம். ஒரு வசதியுள்ளவர் ஒரு முதியவருக்குச் செவிக்கருவியோ கண்ணாடியோ வாங்கித் தரலாம். அஃது அவர் நினைவுக்குச் செய்யும் தர்மம். எல்லாவற்றிலும் மேலாக, எந்தப் பெண் குழந்தையின் படிப்பும் நம் ஊரில் இடையில் நிற்கலாகாது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஒரு நோய்க்கு இன்று பள்ளிக்கூடத்திலேயே மருந்து தொடங்குகிறது.

நினைவாக நிற்பது

இவ்வளவு செய்தும் மறதி வரலாம். வந்துவிட்டவர்களுக்கு நாம் என்ன செய்வது?

முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்ற சொல்லையும் சொல்ல வேண்டாம் என்று திருமறை கட்டளையிடுகிறது. தெளிந்த அறிவுடைய பெற்றோரிடம் அவ்வாறு நடப்பது எளிது. அதே கேள்வியை நாற்பதாம் முறை கேட்கும் தாயிடம் நடப்பதிலேதான் சோதனை இருக்கிறது. அந்தச் சோதனையை யார் எழுதுகிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரைப் பேணும் கடமை பிள்ளைகள் மீது விதிக்கப்பட்டது. நடைமுறையில் அதனை மருமகள் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, மகன் வெளித்திண்ணையில் அமர்ந்து பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். இரவெல்லாம் விழித்த ஒரு பெண் பகலில் ஒரு சொல் கடிந்து பேசிவிட்டால் அவளைக் குறை கூறுமுன், அந்த இரவில் பாதியை மகன் ஏற்றுக் கொண்டாரா என்று கேட்போம்.

ரமளான் இரவுகளில் நாம் அனைவரும் காணும் காட்சி ஒன்று உண்டு. தராவீஹ் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏந்திய ஹாபிழ் ஓதிக் கொண்டிருப்பார். எங்கோ ஓரிடத்தில் தடுமாறி நிற்பார். பின் வரிசையில் நிற்கும் மற்றொரு ஹாபிழ் அந்தச் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பார். ஓதுதல் தொடரும். எடுத்துக் கொடுத்தவர் பெருமை கொள்வதில்லை. மறந்தவர் சிறுமை அடைவதுமில்லை. அண்ணலார் மறந்தபோது துல்யதைன் எழுந்து நின்றதும் இதே முறையில்தான். மறந்தவருக்குப் பின்னால் நிற்பவர் நினைவாக நிற்க வேண்டும் என்பதை நம் தொழுகையே நாள்தோறும் பழக்கிக் கொடுக்கிறது. அதனைப் பள்ளிவாசலில் விட்டுவிட்டு வீட்டிற்கு வருவது நம் தவறு.

அன்று நாம் விடைபெற எழுந்தபோது அந்த மூதாட்டியார் மீண்டும், 'அஸர் தொழுதேனா?' என்றார். வாசற்படியில் அமர்ந்து வீட்டுப் பாடம் எழுதிக் கொண்டிருந்த பேத்தி, ஏழாம் வகுப்பு படிப்பவள், பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவர் காதருகே குனிந்து, உரத்த குரலில், 'தொழுதுட்டீங்க நன்னிமா. நான் பக்கத்துலயே நின்னேன். நான் சாட்சி' என்றாள். மூதாட்டியார் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு ஐந்து நிமிடம் நிலைத்திருக்கும். பிறகு அக்கேள்வி மீண்டும் எழும். அந்தச் சிறுமி மீண்டும் எழுந்து வருவாள். அவள் படிப்பு தொடர வேண்டும் என்றும், எழுந்து வரும் அந்தப் பண்பு அவளோடு வளர வேண்டும் என்றும் நாம் மனத்துள் வேண்டிக் கொண்டோம். தலையசைத்த குற்றத்திற்கு அவளிடமே மன்னிப்புக் கேட்டது போன்ற ஓர் ஆறுதலும் நமக்கு உண்டாயிற்று.

அறிவு இருக்கும்போதே அமானிதத்தைப் பேணவும், அறிவு தளர்ந்தவர்களுக்கு நினைவாக நிற்கவும், நாம் மறக்கும் நாள் வருமாயின் நமக்குச் சாட்சி சொல்லப் பரிவுடைய ஒருவர் அருகிருக்கவும் வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.